ஜேபெக் போதாது

திருத்தி முடித்த படத்தை ஜேபெக்கில், தரத்தை உச்சத்தில் வைத்துச் சேமித்தால் போதும். டிஃப், பிஎஸ்டி எல்லாம் இடத்தை அடைக்கும் ஆடம்பரம். போட்டோஷாப் சொல்லித்தரும் இடங்களிலும், ஆல்பம் வடிவமைப்பவர்களிடமும், கேமரா வாங்கிய கையோடு நாலு கருத்தையும் வாங்கிக்கொள்ளும் ஆர்வலர்களிடமும் இன்று ஓங்கி ஒலிப்பது இந்தக் குரல்தான். இது தவறு. கேட்க வேண்டிய கேள்வியை விட்டுவிட்டு வேறொரு கேள்விக்குச் சரியான பதில் சொல்வதால் வந்த தவறு.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் பலத்தோடேயே எடுத்துக்கொள்வோம். போட்டோஷாப்பில் 12, லைட்ரூமில் 100 என்று வைத்துச் சேமித்த ஜேபெக்கையும் அதே படத்தின் டிஃப்பையும் அச்சிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது என்கிறார்கள். கலர் லேப் கேட்பதே ஜேபெக்தான் என்கிறார்கள். பெரும்பாலான மானிட்டர்கள் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 8 பிட்தான் காட்டுகின்றன. 16 பிட்டில் சேமித்து யாருக்குக் காட்டப்போகிறோம் என்று கேட்கிறார்கள். ஒரு டிஃப் வைக்கும் இடத்தில் பத்து ஜேபெக் வைக்கலாம், தேவைப்பட்டால் கேமராவின் மூலக் கோப்பான ரா இருக்கவே இருக்கிறது என்கிறார்கள். இவ்வளவுக்கும் மேலே, ஒரே படத்தை ஐம்பது முறை திறந்து, ஐம்பது முறை ஜேபெக்கில் சேமித்து, "பாருங்கள், ஒன்றும் ஆகவில்லை" என்று செய்துகாட்டுகிறவர்களும் உண்டு.

அச்சைப் பற்றிச் சொல்வது உண்மை. லேப்பைப் பற்றிச் சொல்வதும் உண்மை. ஐம்பது முறை சேமித்த கதைகூடப் பொய் இல்லை. அப்படியிருந்தும் முடிவு தவறாகிறது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

ஜேபெக் மட்டமானது என்று நான் சொல்லவில்லை. 1992இல் தரநிலையான வடிவம் அது. அதன் அடியில் ஓடும் கணக்கை முன்வைத்தவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது; அவர் டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோரோடு சேர்ந்து 1974இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். முப்பது ஆண்டுகள் கடந்தும் ஜேபெக்கைத் திறக்காத ஃபோன் இல்லை, அச்சு இயந்திரம் இல்லை. ஒரு படத்தை அடுத்தவருக்குக் கொடுக்க இதைவிட வசதியான வடிவம் இன்னும் வரவில்லை. கொடுப்பதற்காகச் செய்த ஒன்றை, வைத்துக்கொள்வதற்கும் அதுவே போதும் என்று ஆக்குகிறவர்களோடுதான் என் வழக்கு.

1. கண்ணுக்குத் தெரியாவிட்டால் இழப்பே நடக்கவில்லையா?

ஜேபெக் என்ன செய்கிறது என்று பாருங்கள். படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒளியைத் தனியாகவும் நிறத்தைத் தனியாகவும் எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இருக்கும் மெல்லிய ஏற்ற இறக்கங்களில், மனிதக் கண் பொருட்படுத்தாதவை எவை என்று கணித்து, அவற்றை முரட்டுத்தனமாக முழு எண்ணாக்குகிறது. நிறத்தில் இன்னும் தாராளம்: போட்டோஷாப்பில் தரம் 6க்கு வந்துவிட்டால் நிறத் தகவல் நீளத்திலும் அகலத்திலும் பாதியாகிவிடும், நான்கு பிக்சலுக்குச் சேர்த்து ஒரே நிறம். அரக்குப் பட்டின் ஜரிகைக் கரை குழைந்துபோய்த் தெரிவதற்கு இது ஒரு காரணம்.

இந்தத் திட்டம் முழுவதும் ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: இந்தப் படத்தை இனி ஒரு கண் பார்க்கப்போகிறது, அவ்வளவுதான். பார்ப்பதோடு சரி என்றால் அனுமானம் பலிக்கும். ஆனால் திருத்தும் மென்பொருளுக்குக் கண் இல்லை. இருட்டான மூலையை இரண்டு ஸ்டாப் வெளிச்சமாக்கினால், கண்ணுக்குத் தெரியாது என்று நம்பி ஜேபெக் மறைத்துவைத்தது எல்லாம் வெளிச்சத்துக்கு வரும். ஷார்ப் செய்தால், கருங்கூந்தலில் வைத்த மல்லிகையின் ஓரங்களைச் சுற்றியிருக்கும் அழுக்குப் பொட்டுகளும் சேர்ந்து ஷார்ப்பாகும். அருகருகே வைத்துப் பார்க்கும் சோதனை இன்றைய படத்தைத்தான் சோதிக்கிறது. நாளை அந்தப் படத்தை என்ன செய்ய முடியும் என்பதை அது சோதிப்பதே இல்லை.

அந்த 12ஐயும் 100ஐயும் பற்றி ஒரு சொல். இவை எந்தத் தரநிலையிலும் இல்லாத எண்கள். ஒவ்வொரு நிறுவனமும் தன் வசதிக்குப் போட்டுக்கொண்ட அளவு. ஒரு மென்பொருளின் 90ம் இன்னொன்றின் 90ம் ஒன்றல்ல. 100 என்றால் நூறு சதவீதம் காப்பாற்றப்பட்டது என்று பொருளும் இல்லை.

2. "முடிந்த படம்" என்று ஒன்று உண்டா?

ஜேபெக் கட்சி சொல்லாமல் சொல்லும் அடிப்படை இதுதான்: திருத்தம் முடிந்துவிட்டது, இனி மாறப்போவதில்லை. ஸ்டுடியோ நடத்தும் யாரிடமாவது இதைச் சொல்லிப்பாருங்கள். கல்யாண ஆல்பத்துக்குப் போன அதே படம் ஆறு மாதத்தில் சுவர்ப்படமாக வேண்டும். அப்புறம் குழந்தையின் பிறந்தநாள் ஃப்ளெக்ஸில் ஒரு மூலையில் வேண்டும். அறுபதாம் கல்யாணப் பத்திரிகைக்குக் கறுப்பு வெள்ளையில் வேண்டும்.

இவற்றையெல்லாம்விடக் கடுமையான சோதனை ஒன்று இருக்கிறது. குடும்பத்தில் ஒருவர் இறந்துபோகிறார். மாலை போட்டு மாட்டத் தனிப்படம் இல்லை. யாரோ ஒருவரின் கல்யாண குரூப் போட்டோவோடு வந்து, "இதுல இருந்து அப்பா முகத்தை மட்டும் எடுத்துப் பெரிசாக்கித் தாங்கண்ணே" என்கிறார்கள். 6,000 பிக்சல் அகலப் படத்தில் இருபது பேர் நின்றால் தலைக்கு 300 பிக்சல். அதை 12 அங்குல அகலத்துக்கு இழுத்தால் ஜேபெக்கின் ஒவ்வொரு 8 பிக்சல் கட்டமும் அச்சில் ஏறத்தாழ மூன்றில் ஒரு அங்குலம். டிஃப்பிலும் அதே 300 பிக்சல்தானே என்றால், ஆமாம், அதில் ஒரு பிக்சல்கூட அதிகம் இல்லை. ஆனால் அங்கே கட்டம் இருக்காது. கட்டத்தின் ஓரம் தெரியாமல் இருக்க முகத்தையே மழுப்ப வேண்டியிருக்காது.

கட்டம் கூடப் பரவாயில்லை. கல்யாணத்துக்காக எல்லார் முகத்தையும் வழவழப்பாக்கி, ஒரு சுற்று வெளுப்பாக்கியும் இருப்போம் (நம் ஸ்டுடியோக்களின் தீராத வியாதி அது, தனிக் கட்டுரைக்கான விஷயம்). இப்போது அந்த வீட்டாருக்கு வேண்டியது அப்பாவின் நிஜமான முகம், கன்னத்து மச்சத்தோடு, அவருடைய சொந்த நிறத்தோடு. லேயர்களோடு சேமித்த பிஎஸ்டி அல்லது டிஃப் இருந்தால் அந்த மெருகு லேயரை அணைத்துவிடலாம், வேலை முடிந்தது. ஜேபெக்கில் லேயர் என்ற பேச்சே கிடையாது. அன்று ஒரு வடிவமைப்பாளர் நள்ளிரவில் அவசரத்தில் எடுத்த முடிவு அந்த மனிதரின் முகத்தில் நிரந்தரமாகிவிட்டது.

3. 16 பிட்டை யாருக்குக் காட்டப்போகிறோம்?

யாருக்கும் காட்டப்போவதில்லை. கணக்குப் போடத்தான் அது வேண்டும். சாதாரண ஜேபெக்கில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகள். கேமராவின் 14 பிட் ரா கோப்பில் 16,384. மாலை வானத்தின் ஒரு பகுதி 180 முதல் 210 வரையான மதிப்புகளில் அடங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 31 படிகள். கான்ட்ராஸ்டைக் கூட்டி அதை இரு மடங்கு விரித்தால் 61 மதிப்புகள் இருக்க வேண்டிய இடத்தில் அதே 31தான் நிற்கும், ஒன்றுவிட்டு ஒன்று காலி. ஹிஸ்டோகிராம் பல் விழுந்த சீப்பாகிவிடும். வானத்தில் வரி வரியாகப் பட்டை தெரியும். 16 பிட்டில் அந்தக் காலி இடங்களை நிரப்ப உள்ளே மதிப்புகள் இருக்கின்றன. (போட்டோஷாப் 16 பிட் என்று சொல்லிக்கொண்டாலும் உள்ளே 32,769 படிகளில்தான் கணக்கிடுகிறது. அதுவே தாராளம்.) 16 பிட்டில் திருத்திய படத்தை ஜேபெக்கில் சேமிக்கும்போது மென்பொருள் அதைச் சத்தமில்லாமல் 8 பிட்டாக்கிவிடுகிறது. அவ்வளவு நேரம் காப்பாற்றிக்கொண்டு வந்ததைக் கடைசி நொடியில் குப்பையில் போடுவதற்கு எதற்கு 16 பிட்டில் வேலை செய்தோம்?

4. ஐம்பது முறை சேமித்தும் ஒன்றும் ஆகவில்லையே!

ஆகாது. ஆகாமல் போவதற்கான நிபந்தனைகளையெல்லாம் சேர்த்துவைத்துச் செய்த சோதனை அது. படத்தில் எதையும் மாற்றவில்லை, தரம் அதே எண், கட்டங்கள் அதே இடத்தில். ஏற்கெனவே முழு எண்ணாக்கிய எண்ணை மறுபடி முழு எண்ணாக்கினால் அதே எண்தான் வரும். முதல் சில முறைகளில் நேர்வதோடு இழப்பு ஏறக்குறைய நின்றுவிடும்.

ஆனால் எதையும் மாற்றாமல் யார் மறுபடி சேமிக்கிறார்கள்? இடது ஓரத்தில் மூன்று பிக்சல் வெட்டினால் 8×8 கட்டங்கள் எல்லாமே மூன்று பிக்சல் நகர்ந்து விழும். பழைய கட்டத்தின் விளிம்பு புதிய கட்டத்தின் நடுவில் வந்து உட்காரும். சாய்ந்திருக்கும் அடிவானத்தை ஒரு டிகிரி நிமிர்த்தினால் ஒவ்வொரு பிக்சலும் புதிதாகக் கணக்கிடப்படும். அளவு மாற்றினாலும் இதே கதை. ஒருவர் 12இல் சேமித்ததை அடுத்தவர் 10இல் சேமிக்கிறார், அதை இன்னொருவர் வாட்ஸ்அப்பில் படமாகவே அனுப்புகிறார், அது சிறிதாக்கி மறுபடி சுருக்குகிறது. நடைமுறையில் ஒரு படம் போகும் வழி இது. ஐம்பது முறை சோதனையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

என் தரப்பில் இருப்பவர்களையும் இங்கே கண்டிக்க வேண்டியிருக்கிறது. ஜேபெக்கைத் திறந்து பார்த்தாலே தேய்ந்துவிடும் என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. திறந்தால் தேயாது, நகலெடுத்தால் தேயாது, பென் டிரைவில் ஏற்றினாலும் தேயாது. இப்படிப்பட்ட மூடநம்பிக்கைகள்தான் எதிர்த்தரப்புக்குச் சுலபமான வெற்றியைக் கொடுத்திருக்கின்றன. ஃபோனில் எடுத்த ஜேபெக்கை டிஃப்பாக மாற்றினால் தரம் ஏறும் என்று நம்புகிறவர்களும் இதே ரகம். போனது போனதுதான், கோப்பு மட்டும் பருக்கும்.

5. லேப் ஜேபெக் கேட்கிறதே?

கேட்கட்டும், கொடுங்கள். லேப் கேட்பது அன்றைய வேலைக்கு. 12×36 அங்குலத் தாளுக்கு 300 டிபிஐயில் ஒரு ஜேபெக் கேட்டால், அந்த அளவுக்கு, எஸ்ஆர்ஜிபியில், அந்த வேலைக்கென்றே ஒன்றை எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான். வாங்குகிறவர் எதைக் கேட்கிறார் என்பதை வைத்து விற்கிறவர் தன்னிடம் எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்வது என்ன நியாயம்? ஃபிலிம் காலத்தில் வாடிக்கையாளருக்குப் பிரிண்ட்தான் கொடுத்தோம். அதற்காக ஸ்டுடியோவில் யாரும் நெகட்டிவைத் தூக்கிப் போடவில்லை. உறையில் போட்டு எண் எழுதி அலமாரியில் வைத்தார்கள். பிரிண்டைக் கொண்டுவந்து பெரிதாக்கச் சொன்னவரிடம் "நெகட்டிவ் நம்பர் இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார்கள். அந்தப் புத்தி டிஜிட்டல் வந்ததும் எங்கே போயிற்று?

6. இடத்துக்கு எங்கே போவது?

இந்த ஆட்சேபத்தைச் சொல்கிறவர்கள் கணக்குப் போடுவதில்லை. 24 மெகாபிக்சல் படம், அதாவது 6,000 × 4,000 பிக்சல், 16 பிட்டில், சுருக்காமல் சேமித்தால் 144 எம்பி. ஒரு கல்யாணத்தில் எடுத்த இரண்டாயிரத்தையுமா அப்படிச் சேமிக்கச் சொன்னேன்? ஆல்பத்துக்குத் தேர்ந்து திருத்தியது 150 படம் என்றால் 21.6 ஜிபி. 64 ஜிபி மெமரி கார்டு ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு 4 டிபி ஹார்டு டிஸ்க்கில் இப்படி 185 கல்யாணங்களை வைக்கலாம். லேயர்கள் சேர்ந்தால் இரட்டிப்பாகும், மும்மடங்காகும். அப்போதும் அறுபது கல்யாணத்துக்குக் குறையாது. டிரோன், ஜிம்பல், எல்இடி சுவர் என்று வாடகைக்கு அள்ளிவிடும் தொழிலில் ஹார்டு டிஸ்க் விலையைச் சொல்லி அழுவது எடுபடாது.

இடத்தைக் குறைக்கிறேன் என்று 16 பிட் டிஃப்புக்கு எல்இசட்டபிள்யூ சுருக்கத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள்; பல நேரம் கோப்பு பெரிதாகத்தான் ஆகும். ஜிப் சுருக்கம் பரவாயில்லை, ஒரு தகவலும் போகாது. அதற்கும் இடமில்லை என்றால் 8 பிட் டிஃப்போ பிஎன்ஜியோகூட ஜேபெக்கைவிட மேல்.

7. ரா இருக்கிறதே!

எதிர்த்தரப்பின் ஆகச் சிறந்த வாதம் இது, ஒப்புக்கொள்கிறேன். ராவைத் தொடாமல் வைத்திருக்கிறவர் ஜேபெக்கோடு நிறுத்துகிறவரைவிட எவ்வளவோ மேல். ஆனால் ராவில் இருப்பது எடுத்த படம். திருத்திய படம் அதில் இல்லை. லைட்ரூம் போன்ற மென்பொருளில் செய்த திருத்தம் எல்லாம் "இதைக் கூட்டு, அதைக் குறை" என்ற கட்டளைப் பட்டியலாக, அந்த மென்பொருளின் கேட்டலாகிலோ பக்கத்தில் ஒரு சிறு கோப்பிலோ கிடக்கிறது. அந்தக் கட்டளைகளை அதே மாதிரி புரிந்துகொள்ள அதே மென்பொருள் வேண்டும்.

மென்பொருள் சாகும். ஆப்பிள் நிறுவனத்தின் அப்பர்ச்சர் 2005இல் வந்தது. பல தொழில்முறைக் கலைஞர்கள் அதை நம்பிப் பல்லாயிரம் படங்களைத் திருத்தினார்கள். 2014இல் இனி வளர்க்கப்போவதில்லை என்று ஆப்பிள் அறிவித்தது. 2019இல் வந்த கேட்டலினா இயங்குதளத்தில் அது ஓடவே இல்லை. கூகுளின் பிகாசாவை 2016இல் மூடினார்கள். அதில் செய்து ஏற்றுமதி செய்யாமல் விட்ட திருத்தங்கள் அந்தச் சிறு கோப்புகளிலேயே நின்றுவிட்டன. ரா பத்திரமாக இருந்தது, உழைப்பு போயிற்று. அதுவும் போட்டோஷாப்பில் உட்கார்ந்து மணிக்கணக்காகச் செய்த மெருகு வேலையின் சுவடுகூட ராவில் கிடையாது.

டிஃப் மட்டும் சாகாதா என்று கேட்கலாம். ஆல்டஸ் நிறுவனம் டிஃப்பின் 6.0 பதிப்பை வெளியிட்டது 1992 ஜூனில். ஜேபெக் பிறந்த அதே ஆண்டு, அதே வயது. எல்லா முக்கிய மென்பொருளும் இன்றும் அதைத் திறக்கும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் டிஜிட்டல் படங்களுக்குப் பரிந்துரைக்கும் வடிவங்களில் அதுவும் ஒன்று. இன்னொரு குணமும் உண்டு. சுருக்காத டிஃப்பின் நடுவில் ஒரு பிட் கெட்டால் ஒரு பிக்சல் கெடும். ஜேபெக்கில் ஒரு பிட் கெட்டால் அதற்குக் கீழே பாதிப் படம் நிறம் மாறி, இடம் நகர்ந்து போகலாம். பழைய டிஸ்க்கிலிருந்து மீட்ட படங்களில் பாதி சாம்பலாகவும் பாதி ஊதாவாகவும் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

8. புது வடிவங்கள் வரும், ஏஐ சரிசெய்யும்.

வரும். ஜேபெக் 2000 வந்தது; திரையரங்குகளின் டிஜிட்டல் சினிமாவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, நம் கைக்கு வரவில்லை. ஹெய்க் 2017இல் ஐஃபோனில் வந்தது, காப்புரிமைச் சிக்கலோடு. ஜேபெக் எக்ஸ்எல் உண்மையிலேயே நல்ல வடிவம். 2022இல் கூகுள் அதைக் குரோமிலிருந்து எடுத்துவிட முடிவு செய்தது. எது நிலைக்கிறதோ நிலைக்கட்டும். டிஃப்பிலிருந்து எந்தப் புது வடிவத்துக்கும் இழப்பில்லாமல் போகலாம்.

ஏஐ மீட்டுத் தருவதாகச் சொல்லும் முகம் ஒரு யூகம். இழந்த இடத்தில், லட்சம் முகங்களைப் பார்த்த பழக்கத்தில், இருக்கக்கூடிய ஒன்றை வரைகிறது. விளம்பரப் படத்துக்கு அது போதும். இறந்தவரின் கண்ணை அப்படி வரைந்து கொடுத்தால், அது அவர் கண் இல்லை என்பதை முதலில் கண்டுபிடிக்கிறவர் அவர் மனைவியாகத்தான் இருப்பார்.

ஆகவே செய்ய வேண்டியது: ராவைத் தொடாதீர்கள், அழிக்காதீர்கள். திருத்தியதை லேயர்களோடு, 16 பிட்டில், கலர் ப்ரொஃபைல் சேர்த்து டிஃப்பாகவோ பிஎஸ்டியாகவோ வையுங்கள். பிஎஸ்டிக்கு 2 ஜிபி, டிஃப்புக்கு 4 ஜிபி என்ற எல்லை ஆல்பம் வேலைக்குப் பெரும்பாலும் குறுக்கே வராது. ஜேபெக் கேட்கும்போதெல்லாம் அதிலிருந்து புதிதாக எடுங்கள். வேலை முடிந்ததும் அந்த ஜேபெக்கை அழித்தாலும் நஷ்டமில்லை. கேமராவே ஜேபெக்தான் தந்தது என்றால் அந்த மூலத்தைப் படிக்க மட்டும் என்று பூட்டிவைத்து, திருத்தத்தைத் தனியாக இழப்பில்லாத வடிவத்தில் சேமியுங்கள். காசு தடையில்லை: இலவச மென்பொருளான கிம்ப் 2018இல் வந்த 2.10 பதிப்பிலிருந்தே 16 பிட்டில் வேலை செய்கிறது. சாப்பாட்டுத் தட்டைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் போட்டு மறக்கிறவருக்கு இதெல்லாம் தேவையில்லை. அவருக்கு ஜேபெக்கே அதிகம்.

வீட்டில் கல்யாணம் வைத்திருக்கிறவர்களுக்கு ஒன்று. ஸ்டுடியோக்காரரிடம் விலை பேசும்போது எத்தனை பக்கம், எத்தனை கேமரா என்று கேட்பதோடு, திருத்திய படங்களை எந்த வடிவத்தில், எத்தனை ஆண்டு வைத்திருப்பீர்கள் என்றும் கேளுங்கள். ஆல்பத்தோடு கொடுக்கும் பென் டிரைவில் ஜேபெக் மட்டும் இருந்தால், ஹார்டு டிஸ்க் ஒன்றை நீங்களே வாங்கிக் கொடுத்து டிஃப்பையும் ராவையும் அதில் ஏற்றித் தரச் சொல்லுங்கள். முன்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்குங்கள். ஆல்பம் கைக்கு வந்தபின் கேட்டால் கார்டை ஃபார்மேட் செய்திருப்பார்கள்.